மழையையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்: நார்வே ஃபியோர்டுகளுக்கு முதல் பயணம்

முதல் முறை நார்வேக்குக் கிளம்பியபோது என் பயணத் திட்டம் ஒரு எக்செல் தாளில் பளபளவென்று இருந்தது. எட்டு நாள். ஒஸ்லோ, பெர்கன், கெய்ராங்கர், லோஃபோட்டன், ட்ரோம்சோ. மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று வேன் பேசுவது போல ஒரு துணிச்சல். ஒஸ்லோவிலிருந்து ட்ரோம்சோவுக்குச் சாலை வழியே போனால் 1,600 கிலோமீட்டருக்கு மேல் என்பது வரைபடத்தில் விரல் வைத்து அளந்தபோது தெரியவில்லை. அந்தப் பயணத்தில் நான் அதிகம் பார்த்தவை விமான நிலையங்களும், மேகத்துக்குள் மறைந்திருந்த மலைகளும்தான்.

இரண்டாம் முறை ஒரே ஒரு ஃபியோர்டைச் சுற்றி ஏழு இரவு தங்கினேன். கீழே வருவது அந்த இரண்டாவது பயணத்தின் கணக்கு.

முதலில்: மூன்று ஆசைகளைப் பிரித்து வையுங்கள்

நார்வே என்றதும் எல்லோருக்கும் மூன்று படங்கள் மனதில் ஓடும்: நள்ளிரவுச் சூரியன், வானத்தில் பச்சை ஒளி, செங்குத்து மலைகளுக்கு நடுவே நீர், அதாவது ஃபியோர்டு. மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. ட்ரோம்சோவில் மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கில் வரை சூரியன் மறையவே மறையாது. வானம் இருட்டாத ஊரில் துருவ ஒளியைத் தேடி என்ன பயன்? அதற்கு செப்டம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போக வேண்டும். ஃபியோர்டுகளில் பெயர் பெற்றவை பெரும்பாலும் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு தெற்கே இருக்கின்றன. அங்கே ஜூனில் இரவு 11 மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் சூரியன் மறையும்.

முதல் பயணத்துக்கு நான் ஃபியோர்டைத்தான் சொல்வேன். துருவ ஒளி வானத்தின் தயவு, வராமலே போகலாம். மலை எங்கும் போய்விடாது. மேகம் விலகும்வரை காத்திருக்க ஒரு நாள் கையில் இருந்தால் போதும்.

ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்பது. சோக்னஃபியோர்டு சுமார் 205 கிலோமீட்டர் உள்ளே வருகிறது. ஆழம் 1,300 மீட்டருக்கு மேல். ஆனால் வாய்ப்பகுதியில் ஆழம் குறைவு, ஏனென்றால் கடலை நெருங்கும்போது பனியாறு தன் பலத்தை இழந்துவிட்டது. வாய்ப்பகுதியில் நீருக்கடியில் இருக்கும் அந்த மேடும் இருபுறமும் நிற்கும் மலைகளும் அட்லாண்டிக் அலையைத் தடுத்துவிடுகின்றன. படகில் ஏறினாலே வாந்தி வரும் ஆளா நீங்கள்? உள் ஃபியோர்டில் பயப்பட வேண்டாம். என்னுடன் வந்த அத்தை எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறினார்கள். பத்து நிமிடத்தில் அது கைப்பைக்குள் போய்விட்டது.

எந்த மாதம்?

மே கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. இதில் என் ஓட்டு மே கடைசி, ஜூன் தொடக்கத்துக்கு. மலையுச்சிப் பனி உருகி அருவிகள் பொங்கும் காலம் அது. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் போவதற்கும், தண்ணீர் வற்றியபின் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். ஒரே குறை, சில உயர்ந்த மலைச்சாலைகள் அப்போது பனி காரணமாக மூடியிருக்கலாம். ஜூலையில் எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் விலையும் உச்சியில் இருக்கும். செப்டம்பரில் இலைகள் மஞ்சளாகும், கூட்டம் வடியும், மழை கூடும்.

மே 17 நார்வேயின் தேசிய நாள். ஊரே பாரம்பரிய உடையில் ஊர்வலம் போகும்; பார்க்க அழகு, கடைகள் மூடியிருக்கும். அந்தத் தேதியில் பயணம் வைத்தால் முந்தைய நாளே சாப்பாட்டுக்கு வழி செய்துகொள்ளுங்கள்.

விசா: சலிப்பான வேலை, சீக்கிரம் முடியுங்கள்

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றவிடும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடைக்குப் போவதென்றால் மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. முதலில் நார்வே அரசின் இணையதளத்தில் படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டி, அப்புறம் விசா மையத்தில் நேரம் வாங்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

டென்மார்க், ஸ்வீடனையும் சேர்த்துச் சுற்றுகிறவர்கள் கவனிக்க: எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும்.

பாதை: ஒஸ்லோவில் இறங்கி, பெர்கனில் ஏறுங்கள்

சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா அல்லது ஏதாவது ஓர் ஐரோப்பிய நகரம் வழியாக மாற வேண்டும். டிக்கெட் தேடும்போது ‘போக வர’ என்று போடாமல் ‘பல நகரங்கள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். போவது ஒஸ்லோவுக்கு, திரும்புவது பெர்கனிலிருந்து. வந்த வழியே ஏழு மணி நேரம் ரயிலில் திரும்பும் வேலை மிச்சம்.

ஏழு இரவுகளை நான் பிரித்தது இப்படி: ஒஸ்லோவில் ஒன்று, சோக்னஃபியோர்டின் ஒரு கிளையின் கரையில் இருக்கும் ஃப்ளோம் பகுதியில் மூன்று, பெர்கனில் மூன்று. ஃப்ளோமுக்கு மூன்று இரவா என்று எல்லோரும் கேட்டார்கள். பயணக் கையேடுகள் அதற்கு மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் ஒதுக்குகின்றன. அந்தக் கையேடுகளில் மழை பெய்வதில்லை.

ஒஸ்லோ–பெர்கன் ரயில் பாதை 1909-ல் திறக்கப்பட்டது. அதன் மிக உயரமான நிலையம் ஃபின்சே, 1,222 மீட்டர். ஜூனில்கூட ஜன்னலுக்கு வெளியே பனி கிடக்கும். டிக்கெட்டை மூன்று மாதம் முன்பே போட்டால் சலுகை விலையில் கிடைக்கும். கடைசி நேரத்தில் இரண்டு மூன்று மடங்கு ஆகும். இந்த ரயிலில் மிர்தால் என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். மலைமேல் நிற்கும் நிலையம். சுற்றிலும் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எதிர் நடைமேடையில் ஃப்ளோம் ரயில் காத்திருக்கும்.

இருபது கிலோமீட்டரில் சுமார் 866 மீட்டர் கீழே இறங்குகிறது இந்த ரயில். வழியில் 20 சுரங்கங்கள். அதில் ஒன்று மலைக்குள்ளேயே வளைந்து திரும்பி வெளியே வருவதால் இடது பக்கம் நல்லதா வலது பக்கம் நல்லதா என்று சண்டை போட வேண்டாம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நடுவில் ஷோஸ்ஃபோசன் அருவியில் நிறுத்துவார்கள். கோடையில் திடீரென்று பாட்டு கேட்கும். அருவிக்குப் பக்கத்துப் பாறையில் சிவப்பு உடையில் ஒரு பெண் ஆடுவார். அது ஹுல்தரா, ஆண்களை மயக்கி மலைக்குள் இழுத்துப் போகும் நம்மூர் மோகினி மாதிரி, மாட்டு வால் மட்டும் கூடுதல். சுற்றுலாக்காரர்களுக்கான வேடிக்கைதான், ஆனால் அருவித் தூறலில் சட்டை நனைய நின்று பார்க்கும்போது யாரும் கேலி செய்யவில்லை.

இந்த ரயில், படகு, பேருந்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொட்டலமாகவும் விற்கிறார்கள். தனித்தனியாகவும் அதே டிக்கெட்டுகளை வாங்கலாம். பொட்டலத்தில் நேரப் பொருத்தம் அவர்கள் தலைவலி. தனியாக வாங்கினால் நம் தலைவலி, ஆனால் எங்கே எத்தனை நாள் தங்குவது என்பது நம் இஷ்டம். நார்வே முழுவதற்குமான பேருந்து, ரயில், படகு நேரங்களை என்டூர் என்ற செயலியில் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

தங்குவது

ஃப்ளோம் சில நூறு பேர் வாழும் ஊர். கோடையில் பெரிய சொகுசுக் கப்பல் வந்து நின்றால் ஒரே காலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள். பிற்பகலில் கப்பல் கிளம்பியதும் ஊர் மூச்சு விடும். அங்கே அறைகள் குறைவு, விலை அதிகம். சில கிலோமீட்டர் தள்ளி அதே நீர்க்கரையில் இருக்கும் அவுர்லாந்தில் தேடிப் பாருங்கள். பேருந்து இருக்கிறது. சமையலறையோடு கூடிய சிறு மரவீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். நான்கு பேர் போனால் ஓட்டலைவிட அது கட்டுபடியாகும். படுக்கை விரிப்பு, துண்டு வாடகையில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். பல இடங்களில் தனிக் காசு.

இதுதான் முக்கியம்: மழைக்கு ஒரு திட்டம்

பெர்கனில் வருடத்துக்கு 200 நாளுக்கு மேல் மழை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதல் மலைவரிசையில் மோதிக் கொட்டிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பார்த்த நமக்கு இது புதிதில்லை. நமக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் அங்கே உண்டு: மழை மறைவுப் பகுதி. அவுர்லாந்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் லார்தால் என்று ஓர் ஊர். பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை, லார்தாலில் 500 வாக்கில் நின்றுவிடும். அவுர்லாந்தையும் லார்தாலையும் இணைப்பது 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைச் சுரங்கம். 2000-ல் திறந்தது, உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம். கடக்க இருபது நிமிடம். ஓட்டுநருக்குக் கண் சொருகாமல் இருக்க, நடுவில் மூன்று இடங்களில் குகை போல அகலமாக்கி நீல விளக்கு போட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு இரண்டாம் நாள் காலை அவுர்லாந்தில் எதிர்க்கரை தெரியவில்லை. பேருந்து பிடித்துச் சுரங்கத்துக்குள் நுழைந்தோம். மறுபக்கம் வெயில். பழைய மரவீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் ஈரக் குடையோடு நாங்கள் மட்டும் நடந்தோம். எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மழை நாளுக்கு இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியாது. வண்டி இருந்தால் அங்கிருந்து போர்குண்ட் மரத் தேவாலயம்வரை போகலாம். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கூரைமேல் டிராகன் தலைகளோடு நிற்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது: ஃப்ளோமில் இருக்கும் மூன்று நாளுக்கு மூன்று வேலைகளை எழுதி வைத்து, தேதி போடாமல் விடுங்கள். முந்தைய நாள் இரவு ‘யர்’ என்ற நார்வே வானிலைச் செயலியை மணிவாரியாகப் பார்த்து, தெளிவான நாளுக்கு உயரமான இடத்தையும், மேகமூட்டத்துக்குப் படகையும், கொட்டும் நாளுக்கு லார்தாலையும் கொடுங்கள். ஜூலையில் படகு, ஃப்ளோம் ரயில் இரண்டுக்கும் முன்பதிவு செய்தே ஆக வேண்டும். மற்ற மாதங்களில் ஓரிரு நாள் முன்பு வாங்கினாலே பெரும்பாலும் கிடைக்கும்.

உயரமான இடம் என்றால் ஸ்தேகஸ்தைன். நீர்மட்டத்துக்கு 650 மீட்டர் மேலே, மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பாலம். நுனியில் கம்பிக்குப் பதில் கண்ணாடி. காலில் ஒரு கூச்சம் ஏறும், பரவாயில்லை. மேகம் இறங்கியிருந்தால் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை மட்டும்தான் தெரியும். முதல் பயணத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

படகு என்றால் நாரோய்ஃபியோர்டு. ஃப்ளோமிலிருந்து குத்வாங்கன் வரை இரண்டு மணி நேரம். 2005-ல் கெய்ராங்கர் ஃபியோர்டோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம். மிகக் குறுகிய பகுதியில் அகலம் வெறும் 250 மீட்டர். இரு பக்கமும் மலை. கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டும். இங்கே ஓடும் புதிய படகுகள் மின்சாரத்தில் ஓடுபவை. என்ஜின் சத்தம் இல்லாததால் தூரத்து அருவியின் இரைச்சலும், கரையில் ஆட்டுக் கழுத்து மணியும் கேட்கும். இதற்கு மேகம் தடையில்லை. பாதி மலையில் மேகம் தொங்கினால் இன்னும் அழகு. நடுப்பகல் படகைத் தவிர்த்து, காலை முதல் படகு அல்லது கடைசிப் படகில் ஏறுங்கள். குத்வாங்கனிலிருந்து பேருந்தில் வோஸ், அங்கிருந்து ரயிலில் பெர்கன். ஆகவே இந்தப் படகை ஊரை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். கடைசிப் படகில் ஏறினால் அதற்குப் பிறகு பேருந்து உண்டா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

துணி

ஜீன்ஸ் வேண்டாம். நான் போட்டுப் போனேன். முதல் நாள் நனைந்தது மூன்றாம் நாள் வரை காயவில்லை. அங்கே குளியலறைத் தரையைப் பல வீடுகளில் மின்சாரத்தால் சூடாக்கி வைத்திருப்பார்கள். இரவெல்லாம் அதன்மேல் பரப்பி வைத்துத்தான் ஒரு வழியாக உலர்ந்தது. உள்ளே மெல்லிய கம்பளி உடை, நடுவில் ஒரு ஸ்வெட்டர், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், அதே மாதிரி ஒரு பேன்ட். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிரவைக்கும். குடை பெர்கன் காற்றில் ஐந்து நிமிடம் தாங்கினால் அதிசயம். ஷூவைக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் போட்டுப் பழகுங்கள்.

சாப்பாடும் காசும்

ஒரு குரோனர் சுமார் 8 முதல் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உணவகத்தில் ஒரு வேளைக்கு 200 குரோனருக்குக் குறைந்து ஒன்றும் கிடைக்காது. மனதுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காபி இறங்காது. ரொக்கம் தேவையே படாது, பேருந்து முதல் பெட்டிக்கடை வரை அட்டைதான். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும்.

நார்வேக்காரர்களே மதியத்துக்குக் கட்டுச்சோறு ஆட்கள். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எண்ணெய்த்தாள் வைத்து மடித்து ‘மாட்பாக்கெ’ என்று எடுத்துப் போவார்கள். நாமும் அதையே செய்யலாம்: கீவி, ரெமா 1000, கூப் என்று மளிகைக் கடைகள் இருக்கின்றன. அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி கண்ணில் படும். பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரைப் பல மணி நேரம் சுண்டக் காய்ச்சிச் செய்வது. பால்கோவாவில் உப்புப் போட்ட மாதிரி இருக்கும். சைவக்காரர்களுக்கு அதுவும் வாஃபிளும் ஜாமும் கைகொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மளிகைக் கடைகள் திறக்காது. சுற்றுலா ஊர்களுக்கும் மிகச் சிறிய கடைகளுக்கும் மட்டும் விலக்கு. சனிக்கிழமை இரவு ஒரு சிற்றூரில் போய் இறங்கிய எங்களுக்கு மறுநாள் முழுக்கச் சாப்பாடு, வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கும் புளிக்காய்ச்சலும்தான். புளிக்காய்ச்சல், ரசப்பொடி கொண்டுபோகலாம். இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகத் தடை. நெய்யும் அதில் வரும். அரிசி பருப்பு வேண்டுமென்றால் ஒஸ்லோவில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. எண்பதுகளில் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்குப் போனவர்கள் பலர் பின்னர் ஒஸ்லோ பக்கம் நகர்ந்தார்கள். அவர்கள் கடையில் கறித்தூள் முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். ஒஸ்லோவில் தங்கும் அந்த ஒரு மாலையில் வாங்கிவிடுங்கள்.

மலை ஏறுகிறவர்களுக்கு

பாதைகளில் சிவப்பு நிறத்தில் ‘T’ எழுத்துப் போட்டிருப்பார்கள்; அதைப் பிடித்துப் போக வேண்டும். ஸ்தவாங்கர் பக்கத்தில் இருக்கும் பிரைகெஸ்தூலன் பாறை 604 மீட்டர் உயரம், போய்வர 8 கிலோமீட்டர். நடந்து பழகியவர்களுக்கு நான்கு மணி நேரம். படங்களில் பார்க்கும் அந்த நாக்குப் பாறை, துரோல்துங்கா, வேறு கதை: பத்து மணி நேரத்துக்கு மேல் நடை. முதல் பயணத்தில் அதை வைக்காதீர்கள். மலைப் பாதுகாப்புக்கென்று நார்வேயில் ஒன்பது விதிகள் உண்டு. எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. கைப்பிடிக் கம்பி பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஆம்புலன்ஸ் எண் 113, போலீஸ் 112.

பெர்கன், கடைசி மூன்று இரவு

இங்கே அவசரம் வேண்டாம். துறைமுக ஓரத்து மரக்கட்டடங்களான பிரிக்கென் 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. முகப்பைப் படம் எடுத்துவிட்டுப் போகாமல் நடுவில் இருக்கும் சந்துகளுக்குள் நுழையுங்கள். பலகைத் தரை நடக்க நடக்க முனகும், தார் வாசனை வரும். லோஃபோட்டனில் காயவைத்த காட் மீன் ஒரு காலத்தில் இங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. அதாவது, கருவாட்டுக் காசில் நின்ற துறைமுகம்.

320 மீட்டர் உயர ஃப்ளொய்யன் மலைக்கு இழுவை ரயில் ஏறும். டிக்கெட் எடுக்கும் முன் அதன் இணையதளத்தில் மேலே இருக்கும் கேமராவைத் திறந்து பாருங்கள். திரை வெள்ளையாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். விமான நிலையத்துக்கு நகர ரயில் முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், டாக்ஸி தேவையில்லை.